சுங்கை சிப்புட்டில் ஒரு பச்சை அலமாரி

தாத்தாவின் ஊர் எது என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். அப்பா 'திருச்சிப் பக்கம்' என்பார். அத்தை மதுரை என்று அடித்துச் சொல்வார். எங்கள் குலசாமி மதுரகாளி, அதனால் மதுரைதான் என்பது அவர் கட்சி. தாத்தா உயிரோடு இருந்தபோது யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. அது எனக்குத் தீராத வருத்தம். போன மாதம் மலேசியாவின் கிள்ளானிலிருந்து கிளம்பி, இதே நாட்டில் அவர் பால்மரம் (ரப்பர்) சீவிய சுங்கை சிப்புட்டுக்கே போய்விட்டேன்.

ஈப்போவைத் தாண்டியதும் ரயில் ஜன்னலில் சுண்ணாம்புக் குன்றுகள் வந்தன. அப்புறம் செம்பனை, செம்பனை, செம்பனை. கித்தா (ரப்பர்) தோப்பு எங்காவது ஒரு துண்டு தெரிந்தால் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஊர் சின்னதுதான், ஆனால் இந்த நாட்டுத் தமிழருக்கு மறக்கக் கூடாத ஊர். அமைச்சராக இருந்த தமிழ்த் தலைவர் துன் சம்பந்தன் பிறந்த மண். 1948 ஜூன் 16 அன்று பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டு, மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியதும் இங்கேதான்.

அங்கே ஒரு கோயிலுக்குப் பின்னால், தோட்டத்துக் குடும்பங்களின் பழைய காகிதங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஓர் அறை. ஒரு பச்சை இரும்பு அலமாரி, இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. இதைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'. சங்கம் என்று பெயர் வைக்கவில்லை, பதிவும் செய்யவில்லை. ஆனால் நான் பார்த்த நூலகங்களில் இதைப் போல ஒன்று இல்லை.

ஆரம்பித்த கதையை டீச்சரே சொன்னார். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது லயம் என்ற வரிசை வீடுகளை விட்டு ஒவ்வொரு குடும்பமாக லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனது. பின்பக்கம் குப்பை மேடு எரிந்துகொண்டிருந்தது. அதில் பாதி கருகிய நீள நோட்டு ஒன்றை இழுத்துப் பார்த்தார். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாண மொய் நோட்டு. "பேர் முன்னாடி ஊர் எழுதியிருந்துச்சு தம்பி. அந்த ஊரைத்தானே நாம எல்லாரும் தேடுறோம்?" என்றார். அன்றிலிருந்து வீடு வீடாகக் கேட்டு வாங்கத் தொடங்கினார். பிறகு நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள்.

மொய் நோட்டு எப்படி வம்சாவளி ஆவணம் ஆகும் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1845-லேயே வம்சாவளிச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். அங்கே தேவாலயப் பதிவேட்டில் பிறப்பு, திருமணம், அடக்கம் எல்லாம் இருக்கும். குடும்பப் பெயரும் தலைமுறை தாண்டி வரும். நமக்கு இரண்டும் இல்லை. அப்பா பெயர் மகனோடு முடிந்துவிடும். ஒரு தோட்டத்தில் ஐந்து முனியாண்டி இருந்தால், வேலையாட்கள் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் ஐந்து எண்தான். தோட்ட மேஸ்திரியான கங்காணி ஊரில் ஆள் சேர்த்தபோது கிராம முனிசீப் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அந்தக் காகிதம் கூலி வீட்டில் தங்கவில்லை. 1938-ல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் குறைவு. 1948-ல் அடையாள அட்டை வந்தபோது அண்ணன் அட்டையில் அப்பா பெயர் ஒரு மாதிரி, தம்பி அட்டையில் வேறு மாதிரி.

ஆனால் மொய் எழுதும் ஆளுக்கு ஐந்து முனியாண்டியையும் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும். திருப்பிச் செய்யும் கடன் அல்லவா! அதனால் 'துறையூர் முனியாண்டி', 'ஆத்தூர் முனியாண்டி' என்று ஊரைச் சேர்த்தார். துரை ஆபிஸ் விட்டுவிட்டதை நம் ஆட்கள் இப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

டீச்சர் இரண்டு நோட்டை அருகருகே வைத்துக் காட்டினார். 1941 நோட்டில் கணவன் பெயரில் மொய். போருக்குப் பிறகு வந்த நோட்டில் அதே ஊர்ப்பெயரோடு மனைவி பெயரில். அந்தக் கணவர், ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போனவர் என்று குடும்பத்தார் சொன்னார்களாம். அவர் இருந்தார் என்பதற்கு அந்த வீட்டில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு வரி. என்னால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

அலமாரியில் இன்னும் நிறைய உண்டு. கருமாதிப் பத்திரிகைகள், கோயில் வரி நோட்டுகள், சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பங்குச் சான்றிதழ்கள், தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு ஆள் ஏற்றி வந்த ரஜூலா கப்பலின் டிக்கெட் ஒன்று.

என் தாத்தா பெயரைச் சொன்னதும் டீச்சர் நோட்டைத் தேடவில்லை. முதலில் குலசாமியைக் கேட்டார். மதுரகாளி என்றேன். "வீட்டுல எந்தக் கிழமை விளக்கு ஏத்துவாங்க?"

"பாட்டி திங்களும் வெள்ளியும் மட்டும்தான். மற்ற நாளில் அந்தப் படத்துக்கு முன்னால் நிற்கக்கூட விடமாட்டார்."

டீச்சர் சிரித்தார். மதுரகாளி என்றால் மதுரை இல்லை என்றார். பெரம்பலூருக்குப் பக்கத்தில் சிறுவாச்சூரில் இருக்கிறது அந்தக் கோயில். வாரத்தில் திங்கள், வெள்ளி மட்டும்தான் நடை திறப்பார்கள். தாத்தா கப்பல் ஏறிய காலத்தில் பெரம்பலூர் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. அப்பா சொன்னதும் சரி.

அப்புறம் நோட்டுகளை எடுத்துப் புரட்டினோம். மூன்று மணி நேரம். 1952-ல் நடந்த ஒரு கல்யாணத்தில், நீல மையில், தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) எழுத்து மாதிரி உருண்டையான எழுத்தில்: சிறுவாச்சூர் ராமசாமி, 2 வெள்ளி (மலாயா டாலர்).

விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டே இருந்தேன். டீச்சர் என் பெயர், அப்பா பெயர், பாட்டி பெயர் எல்லாம் ஒரு அட்டையில் எழுதி, நோட்டு எண்ணையும் குறித்து அலமாரியில் வைத்தார். "உங்க அப்பா கல்யாணப் பத்திரிகை இருந்தா அடுத்த தடவ கொண்டாங்க தம்பி" என்றார்.

ரயில் நிலையத்திலிருந்து அத்தைக்குப் போன் செய்தேன். மதுரை இல்லை என்றதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ திங்கக்கிழமை போனா நடை திறந்திருக்கும்ல?"