எப்பந்தாண்டே விப்பானுவ?

குமரிக் கடற்கரையில் தூத்தூர் தொடங்கி மணக்குடி வரைக்கும், நள்ளிரவு பன்னிரண்டரை மணி மேட்சுக்குக் கண் விழிக்கும் இங்கிலாந்து பிரிமியர் லீக் கால்பந்து ரசிகர்கள், கிளப்பை விற்காமல் இழுக்கும் முதலாளிகளைப் பற்றி வருடக்கணக்காகக் கேட்கும் கேள்வி இது. மான்செஸ்டர் யுனைடெட்டை விற்பது பற்றிப் பரிசீலிக்கிறோம் என்று அதன் முதலாளிகளான கிளேசர் குடும்பம் அறிவித்தது 2022 நவம்பர் 22. பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கைக்கு 27.7 சதவீதப் பங்கு வந்து சேர்ந்தது 2024 பிப்ரவரி 20. பதினைந்து மாதம் காத்திருந்தும் குடும்பம் வெளியேறவில்லை. எவர்டன் ரசிகர்கள், முதல் ஒப்பந்தம் அறிவித்த நாளிலிருந்து 461 நாள் காத்திருந்தார்கள். ரெடிங் என்ற கீழ்ப் பிரிவு கிளப்பின் ரசிகர்கள் அதற்கும் மேலே.

இந்த ஆத்திரத்தில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அது போய் விழுகிற இடம் பெரும்பாலும் விலை. "இவன் அதிகம் கேட்கிறான், அவன் குறைத்துக் கேட்கிறான்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. நம் ஊரில் பத்து சென்ட் பூமி வாங்குகிறவர்கூட, விலை படிந்ததும் முதல் வேலையாக வில்லங்கம் போட்டுத்தான் பார்ப்பார். கிளப் விற்பனை இழுப்பதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

எவர்டனை எடுத்துக்கொள்வோம். அன்றைய முதலாளி ஃபர்ஹாத் மோஷிரியின் 94.1 சதவீதப் பங்கை வாங்க 777 பார்ட்னர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் 2023 செப்டம்பர் 15 அன்று ஒப்பந்தம் போட்டது. விலை அன்றைக்கே முடிந்த கதை. ஆனால் புதிய மைதானம் கட்ட வாங்கிய 158 மில்லியன் பவுண்டு கடன் ஒன்று கிளப் தலையில் இருந்தது. அதை அடைத்தால்தான் அனுமதி என்று லீக் நிபந்தனை வைத்தது. அதை 777-ஆல் புரட்ட முடியவில்லை. அதே நேரம் கிளப்பின் அன்றாடச் செலவுக்கு என்று மாதாமாதம் கொடுத்து ஏறத்தாழ 200 மில்லியனை அவர்களே கடனாக ஏற்றிவிட்டார்கள். வாங்க வந்தவரே கடன்காரராகிவிட்டால் அடுத்து வருகிறவர் அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஒப்பந்தம் 2024 மே 31 அன்று காலாவதியானது. ஜூனில் அமெரிக்காவின் ஃப்ரீட்கின் குழுமம் வந்தது, 158 மில்லியன் கடனை அடைக்கத் தானும் கடன் கொடுத்தது, பிறகு 777 கடனில் தயங்கி ஜூலையில் விலகியது. அடுத்து வாங்க வந்தவர் அமெரிக்கத் தொழிலதிபர் ஜான் டெக்ஸ்டர். அவருக்கு அப்போது அதே லீக்கில் ஆடும் கிரிஸ்டல் பாலஸில் பங்கு இருந்தது. ஒரே லீக்கில் இரண்டு கிளப்பில் கை வைக்க விதி இடம் தராது, அந்தப் பங்கை விற்றால்தான் இங்கே வாங்கலாம். அதுவும் நடக்கவில்லை. செப்டம்பரில் ஃப்ரீட்கின் திரும்பி வந்து, 2024 டிசம்பர் 19 அன்று முடித்தார்.

இதற்குள் அணி பட்ட பாடு தனி. 2023-24 சீசனில் நஷ்ட வரம்பை மீறியதற்காக முதலில் 10 புள்ளி வெட்டினார்கள். மேல்முறையீட்டில் அது 6 ஆனது. பிறகு இன்னொரு வழக்கில் 2 போனது. மூன்று வருடத்துக்கு 105 மில்லியன் பவுண்டு நஷ்டம் என்பது அன்றைய வரம்பு, முதல் வழக்கில் எவர்டன் அதைத் தாண்டியது 19.5 மில்லியன்.

கடனுக்கு அடுத்தபடியாக நாளைத் தின்பது ஒப்புதல். லீக்கின் உரிமையாளர் தேர்வில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்ட வேண்டும், வரும் ஆண்டுகளுக்கான கணக்குத் திட்டமும் கொடுக்க வேண்டும். பிரிமியர் லீக்கில் 25 சதவீதப் பங்கு கைக்கு வந்தாலே கிளப் அவர் கட்டுப்பாட்டில் இருப்பதாகக் கணக்கு. எவர்டனுக்கு இன்னொரு வாசலும் இருந்தது. சீசன் டிக்கெட்டைத் தவணையில் விற்கிற கிளப்புக்கு நுகர்வோர் கடன் உரிமம் தேவைப்படலாம். உரிமம் இருந்தால் கை மாறுவதற்கு பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். அவர்களுக்கு 60 வேலை நாள் அவகாசம். அந்த நாள் ஓடத் தொடங்குவது மனு கொடுத்த அன்று அல்ல, மனு முழுமையானது என்று அவர்கள் ஏற்றுக்கொண்ட அன்று. தணிக்கை செய்த கணக்கு ஒன்று குறைந்தாலும் கடிகாரம் ஓடாது. "ஒப்புதலுக்குக் காத்திருக்கிறோம்" என்று செய்தி வந்தால், முழு மனு போய்ச் சேர்ந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

"பிரத்தியேகப் பேச்சுவார்த்தை" என்று தலைப்புச் செய்தி வந்ததும் பட்டாசு வெடிக்கிறவர்கள் உண்டு. அது நம்ம ஊர் அச்சாரம்கூட இல்லை. இத்தனை நாளைக்கு வேறு யாரிடமும் பேச மாட்டேன் என்ற வாக்கு, அவ்வளவுதான். வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் கிடையாது. பங்கு வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தால்தான் அது கிரைய ஒப்பந்தத்துக்குச் சமம். அதிலும் ஒரு கடைசி நாள் குறித்திருப்பார்கள். அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்து கிளப் என்றால் வில்லங்கத்தை நாகர்கோவிலில் இருந்தே பார்த்துவிடலாம், காசு செலவில்லை. பிரிட்டனின் கம்பெனிப் பதிவகமான கம்பெனிஸ் ஹவுஸ் தளத்தில் கிளப்பின் சட்டப் பெயரைத் தேடுங்கள். கிளப்பின் பழக்கப் பெயரும் கம்பெனிப் பெயரும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது, ஆகவே முகவரியையும் ஒத்துப் பாருங்கள். உள்ளே போனால் "சார்ஜஸ்" என்று ஒரு பகுதி. அடமானம் ஒவ்வொன்றுக்கும் யார் பெயரில், எந்தத் தேதியில் என்று இருக்கும். "அவுட்ஸ்டாண்டிங்" என்றால் கடன் நிற்கிறது, "சாட்டிஸ்ஃபைட்" என்றால் தீர்ந்தது. தாக்கல் வரலாற்றில் எம்.ஆர்.01 என்ற படிவம் வந்தால் புது அடமானம், எம்.ஆர்.04 வந்தால் ஒன்று அடைபட்டது. விற்பனை பேசிக்கொண்டிருக்கும்போதே புது எம்.ஆர்.01 வருகிறதென்றால், அடுத்த மாதச் செலவுக்குக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கெடு தேதியும் அங்கேயே இருக்கும். கெடு தாண்டியும் கணக்கு வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டிய நேரம். இதையெல்லாம் தாய்க் கம்பெனிக்கும் சேர்த்துப் பாருங்கள். தாய்க் கம்பெனி வெளிநாட்டில் பதிவானது என்றால் இந்தத் தளத்தில் கடன் முழுதும் தெரியாது.

அடுத்து மைதானம் யார் பெயரில் என்று பாருங்கள். பல முதலாளிகள் மைதானத்தைத் தங்களது வேறு கம்பெனிக்கு மாற்றி வைத்திருப்பார்கள். கிளப்பை வாங்குகிறவர் மைதானத்துக்குத் தனி விலை பேச வேண்டும். ரெடிங்கில் பழைய முதலாளி டாய் யோங்கே காலத்தில் கிளப், மைதானம், பயிற்சித் திடல் என்று எல்லாம் சேர்ந்தால்தான் விற்பனை என்றானது. இடையில் பயிற்சித் திடலை மட்டும் இன்னொரு கிளப்புக்கு விற்கவே பார்த்தார்கள், ரசிகர்கள் கொதித்த பிறகுதான் அது நின்றது. 2024 ஜனவரி 13 அன்று போர்ட் வேலுடன் நடந்த ஆட்டத்தில் ரசிகர்கள் திடலுக்குள் இறங்கினார்கள், ஆட்டமே கைவிடப்பட்டது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். டாய் காலத்தில் அவர்கள் கிளப்பில் 18 புள்ளி வெட்டுப்பட்டிருந்தது. புது முதலாளி ராப் கூஹிக் பெயருக்குக் கிளப் மாறியது 2025 மே 14.

கீழ்ப் பிரிவில் ஆடிய பரி கிளப்புக்கு அந்த நாளும் வரவில்லை. 2018 டிசம்பரில் ஒரு பவுண்டுக்குக் கை மாறிய கிளப், 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக்கில் இருந்தே நீக்கப்பட்டது. கடைசி நேரத்தில் வாங்க வந்தவர்கள் கணக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள்.

அதனால்தான், யார் வாங்குவார் என்பதைவிட விற்பனை முடியும் வரை சம்பளம் யார் கொடுக்கிறார் என்பதைக் கவனியுங்கள் என்கிறோம். கிளப் நோயில் விழும்போது அறிகுறி வரும் வரிசை ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் வரிப் பாக்கி. அடுத்து சம்பளம் சில நாள் தள்ளிப் போகும். பிறகு ஆள் சேர்க்கத் தடை. அதன்பின் நல்ல ஆட்டக்காரர்களைப் பாதி விலைக்கு விடுவார்கள். கடைசியில் புள்ளி வெட்டு. இரண்டாவது படியிலேயே குரல் கொடுத்தால் கிளப்பிடம் விற்க ஆட்டக்காரர்களாவது மிச்சம் இருப்பார்கள்.

இந்தியாவிலும் இதையேதான் பார்த்தோம். 2021-22-இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வென்ற ஹைதராபாத் எஃப்.சி., 2023-24-இல் சம்பளப் பாக்கியும் ஆள் சேர்க்கத் தடையுமாகக் கடைசி இடத்தில் கிடந்தது. புது முதலாளி வந்தார். 2025-இல் அணி டெல்லிக்குப் போனது, பெயரும் மாறியது. ஹைதராபாத் ரசிகருக்கு விற்பனை நடந்தது, கிளப் மிஞ்சவில்லை. கால்பந்து ஆட்டக்காரர் சூசைராஜ் பிறந்த இரவிபுத்தன்துறை போன்ற கடற்கரை ஊர்களில், ஊர்ப் பெயரில் ஆடும் டீமை ஒருவர் கையெழுத்துப் போட்டு டெல்லிக்கு ஏற்றிவிட முடியுமா? ஊர் விடாது. இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

இந்தியக் கிளப்புகளுக்கும் இதே பரிசோதனை செய்யலாம். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அடமானப் பட்டியல் இருக்கிறது. சி.எச்.ஜி.-1 என்றால் புது அடமானம், சி.எச்.ஜி.-4 என்றால் தீர்ந்தது. அடுத்து ஒரு கிளப் விற்பனைக்கு என்று செய்தி வரும்போது, வாங்க வருகிறவரின் படத்தைப் பகிர்வதற்கு முன் அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டைப் பகிருங்கள்.