ஒன்பது கோல் வாங்கியவர்கள்

13 ஆகஸ்ட் 2010, வெள்ளி

நேற்று உயர்நிலை ஒன்று பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு ஜாலான் புசார் அரங்கத்துக்குப் போனோம். இங்கே சிங்கப்பூரில் நடக்கும் இளையர் ஒலிம்பிக்கின் தொடக்க விழா நாளைக்குத்தான். காற்பந்து மட்டும் அதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. துருக்கிப் பெண்களும் ஈரான் பெண்களும் ஆடினார்கள். தலையை முக்காடிட்டு ஆடக்கூடாது என்று ஃபிஃபா சொன்னதில் ஈரான் அணி வராமலேயே போயிருக்கும். கடைசியில் முடியை மறைக்கும் தொப்பிக்கு ஒத்துக்கொண்டார்களாம். இந்த வெக்கையில் நான் கையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பெண்கள் தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக ஓடுகிறார்கள்.

“டீச்சர், அவங்க நோன்போடயா ஆடுறாங்க?” என்று என் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். அவளுக்கு நோன்பு இரண்டாம் நாள். பதிலுக்குக் காத்திராமல் அவளே ஈரானுக்குக் கைதட்ட ஆரம்பித்துவிட்டாள். துருக்கிதான் ஜெயித்தது.

வீட்டுக்கு வந்து மகனிடம், எங்கள் தம்பியிடம், சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினான். போன மாதம் பள்ளி ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கித் தோற்றதிலிருந்து காற்பந்து என்றாலே இப்படித்தான். தடுப்பாட்டக்காரன், ஏழும் தன்னால்தான் என்று நினைப்பு. பயிற்சிக்குப் போய் மூன்று வாரம். செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர் துணுக்குகள் காலுறையோடு வந்து சலவை இயந்திரத்தை அடைப்பது நின்றிருக்கிறது. அதுவரைக்கும் எனக்கு லாபம்.

15 ஆகஸ்ட், ஞாயிறு

மரினா பே மிதக்கும் மேடையில் நடந்த தொடக்க விழாவை டிவியில் பார்த்தோம். தம்பி பாதியில் தூங்கிவிட்டான்.

20 ஆகஸ்ட், வெள்ளி

நம் பையன்கள் அரையிறுதிக்குப் போய்விட்டார்கள்! ஜிம்பாப்வேயை 3-1, மாண்டினீக்ரோவை 3-2. எல்லாரும் 1995இல் பிறந்தவர்கள், தம்பியைவிட ஒரு வயதுதான் மூத்தவர்கள். காபிக்கடை மேசைக்கு மேசை இதே பேச்சு. கண்டத்துக்கு ஓர் அணி என்று ஆறே அணிகள், ஆசியாவுக்கு நாம். பிரேசிலும் இல்லை, ஜெர்மனியும் இல்லை, வனுவாட்டு இருக்கிறது. “அதனாலதான் நாம இங்க இருக்கோம்” என்கிறார் இவர். 1993இல் புருணைக்கு எதிராக நம் ஆட்டக்காரர் வி. சுந்தரமூர்த்தி அந்தரத்தில் மல்லாந்து அடித்த கோலைப் பார்த்தவருக்கு அதற்குப் பிறகு எதுவும் காற்பந்து இல்லை. கல்லாங்கில் நம் பழைய தேசிய அரங்கம் பூட்டிக் கிடக்கும் துக்கமும் சேர்ந்துகொண்டது.

அரையிறுதியில் எதிரணி ஹைட்டி. பொலிவியாவிடம் ஒன்பது கோல் வாங்கி, பதிலுக்கு ஒன்றுகூடப் போடாத ஹைட்டி. “ஒன்பதா?” என்று தம்பி டிவி பக்கம் திரும்பினான். “கேக் சாப்பிடற மாதிரி” என்றார் இவர். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஜனவரியில்தான் அந்த ஊரே நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது. அவர்களின் காற்பந்துச் சங்கக் கட்டடமும் தப்பவில்லை, உள்ளே இருந்தவர்கள் பலர் செத்துப்போனார்கள். இந்தப் பையன்கள் அதற்குப் பிறகு ஏழே மாதத்தில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இங்கே வந்திருக்கிறார்கள்.

23 ஆகஸ்ட், திங்கள்

தோற்றுவிட்டோம். 2-0. கேக் நமக்குத் தொண்டையில் சிக்கியது.

ஆட்டம் முடிந்து நம் பையன்கள் புல்லில் குப்புறக் கிடந்தார்கள். ஒருவன் சட்டையை முகம் வரை இழுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். கேமரா அவனை விட்டு நகரவேயில்லை. பதினைந்து வயசுப் பிள்ளை அழுவதை இத்தனை பக்கத்தில் போய்க் காட்ட வேண்டுமா?

தம்பிக்குச் சாப்பாடு வேண்டாமாம். பாய் வீட்டு அக்கா பள்ளிவாசலிலிருந்து வந்த நோன்புக்கஞ்சியைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்தார். கறி போட்டு, வெந்தயம் மணக்க, இளஞ்சூட்டில். “கஞ்சிக்கு என்ன வெற்றி தோல்வி, குடிப்பா” என்று அவர் சொன்னதும் மறுபேச்சில்லாமல் குடித்தான். நான் சொல்லியிருந்தால் அறைக் கதவு அடித்துச் சாத்தியிருக்கும்.

இரண்டாவது கிண்ணத்தில் கேட்டான்: “மா, ஒன்பது வாங்கின அன்னிக்கு ராத்திரி ஹைட்டிப் பையங்க சாப்பிட்டிருப்பாங்களா?”

“சாப்பிடாமலா நம்மள ஜெயிச்சாங்க?” என்றார் இவர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. இந்த மனுஷர் எப்போதாவது உருப்படியாகப் பேசுவார்.

26 ஆகஸ்ட், வியாழன்

வெண்கலம் நமக்கு! மாண்டினீக்ரோவை இந்தத் தடவை 4-1. கீழ்த்தளத்தில் யாரோ தகரத்தைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். இறுதி ஆட்டத்தில் பொலிவியா மறுபடியும் ஹைட்டியைப் புரட்டி எடுத்தது, 5-0. தம்பி விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு, “நாலு குறைச்சிட்டாங்க” என்றான். வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டும் வரை டிவியை அணைக்கவிடவில்லை. எனக்கோ திருத்த முப்பத்தெட்டுக் கட்டுரை கிடந்தது.

28 ஆகஸ்ட், சனி

காலையில் சலவை இயந்திரம் தண்ணீர் வெளியேற்றாமல் உறுமிக்கொண்டு நின்றது. வடிகட்டியைக் கழற்றினால் ஒரு கைப்பிடி கறுப்பு ரப்பர் துணுக்கு. சென்ற மாதம்தான் ஆளை வரவழைத்து அறுபது வெள்ளி அழுதேன். காலுறையை உதறிவிட்டுப் போடச் சொல்லி எத்தனை தடவை சொல்வது? கேட்க ஆள் வீட்டில் இல்லை. ஏழு மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டானாம்.