பேசுறவங்க பேரும் கோல்பர்க்கும்: முதல் தாள் தேறிய கதை

ஆசிரியர் தகுதித் தேர்வு முடிவு நேற்று வந்தது. 150-க்கு 97. போன தடவை 88, இரண்டே மதிப்பெண்ணில் போச்சு. அந்த இரண்டும் எங்கே போயின என்று எனக்கு நன்றாகவே தெரியும். கோல்பர்க். எது சரி, எது தப்பு என்று மனிதர்கள் யோசிக்கும் விதத்தை ஆறு படிநிலைகளாகப் பிரித்த உளவியலாளர்.

பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சி மையத்தில் ஆறு படிநிலைகளையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தார்கள். நானும் ஒப்பித்தேன். தேர்விலோ ஒரு பையன் என்ன செய்தான், ஏன் செய்தான் என்று சொல்லி, அவன் எந்தப் படிநிலையில் இருக்கிறான் என்று கேட்டிருந்தார்கள். வாய்ப்பாடு அங்கே உதவவில்லை. அந்தக் கட்டணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இந்த முறை என்னைக் காப்பாற்றியது என் மகள். இரண்டாம் வகுப்பு, கிளாஸ் லீடர். மிஸ் வெளியே போனால் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவது அவள் வேலை.

"இன்னைக்கு யார் பேரெல்லாம் எழுதின?"

"யார் பேரும் எழுதல."

"அவ்வளவு அமைதியா இருந்தாங்களா?"

"எல்லாரும் பேசினாங்கம்மா. ஆனா ஒருத்தி எனக்கு வாசனை ரப்பர் தரேன்னு சொல்லியிருக்கா. மத்தவங்க பேரை எழுதினா அவ பேரையும் எழுதணுமில்ல?"

யூகேஜி படிக்கும் தம்பி குறுக்கே வந்தான். "நான்னா எழுதிடுவேன். இல்லேன்னா மிஸ் என்னை நிக்க வெச்சிடுவாங்க."

"எழுதினா மிஸ் உன்னை நல்ல பொண்ணுன்னு சொல்வாங்கல்ல?" என்றார் கணவர்.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மாமனார்: "விதின்னா விதிதான். ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்தா வகுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"ஏழு வயசுப் பிள்ளைங்க வாயைக் கட்டிப் போடுறது ஒரு விதியா? எல்லாரும் பேசி முடிவு பண்ணி மாத்துங்க" என்றார் அத்தை.

நான் எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தேன். தம்பி தண்டனைக்குப் பயப்படுகிறான், ஒன்று. மகள் ரப்பருக்குக் கணக்குப் போடுகிறாள், இரண்டு. கணவர் நல்ல பெயர், மூன்று. மாமனார் சட்டம் ஒழுங்கு, நான்கு. அத்தை சமூக ஒப்பந்தம், ஐந்து. விதியையும் தாண்டி மனசாட்சிப்படி நடப்பது ஆறு; அதற்கு எங்கள் வீட்டில் ஆள் இல்லை. கோல்பர்க்குக்கே அதற்கு ஆள் கிடைப்பது அரிதாகத்தான் இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. தம்பி, கணவர், மாமனார் மூன்று பேரும் "எழுது" என்றுதான் சொல்கிறார்கள். செயல் ஒன்று, படிநிலை மூன்று. போன தடவை நான் செயலைப் பார்த்து விடை குறித்தேன். கேள்வியில் "ஏனென்றால்" எங்கே வருகிறது என்று தேடி, அதன் கீழே கோடு போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இன்னும் சில:

- மூன்றும் நான்கும்தான் குழப்பும். யாரோ ஒருவர் மெச்ச வேண்டும் என்றால் மூன்று. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒழுங்கு குலையக் கூடாது என்றால் நான்கு.
- குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேவின் கோப்பைக் கதையை விடாதீர்கள். தெரியாமல் 15 கோப்பை உடைத்தவனா, திருட்டுத்தனமாக ஜாம் எடுக்கப் போய் ஒன்றை உடைத்தவனா, யார் தப்பு பெரிது? சின்னக் குழந்தை 15 என்றுதான் சொல்லும். தம்பியிடம் கேட்டேன். "பதினஞ்சு!" என்று கத்தினான்.
- விடைகளில் நிற்க வைப்பது, திட்டுவது எது வந்தாலும் அந்த விடையை முதலில் நீக்கிவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. (மகளின் மிஸ்ஸுக்கு இதை யார் சொல்வது என்பது வேறு விஷயம்.)
- கணக்குப் பகுதிக்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படிக்கிறவர்களுக்கு இந்த வழி சரிப்படாது. எனக்குப் பேச்சில் கேட்டால்தான் மண்டையில் ஏறும்.

முடிவைச் சொன்னதும் தம்பி கேட்டான், "பக்கத்துல பார்த்து எழுதினியாம்மா?"

"இல்லடா."

"ஏன், மிஸ் பார்த்துட்டே இருந்தாங்களா?"