ஸ்பைடர்மேனுக்குத் தைத்துக் கொடுத்தது யார்?

நவம்பர் 1, புதன்

குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். பள்ளிக்கூடம் லீவு. அக்கா மகன் காலை எட்டு மணிக்கே கடைத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டான். 14-ஆம் தேதி குழந்தைகள் தினத்துக்கு மாறுவேடப் போட்டியாம்.

"சித்தி, எனக்கு ஸ்பைடர்மேன் டிரஸ் தச்சுத் தரணும்."

மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் ரெடிமேடாகவே கிடைக்குமே, வாங்கித் தாறேன் மக்களே என்றேன். வேண்டாமாம். போன வருடம் அவன் வகுப்பில் ஒருத்தன் அதைப் போட்டு வந்து, குனிந்த இடத்திலேயே பின்தையல் விட்டுப்போனதாம். "நீங்க தச்சா விடாது" என்றான். அதற்குமேல் என்ன பேச? ஒத்துக்கொண்டேன்.

எந்தப் படத்தில் வரும் உடுப்பு என்று கேட்டேன். "பழசு. முதல்ல வந்தது." 2002-இல் சாம் ரைமி எடுத்தது, ஸ்பைடர்மேனாகிற பள்ளிப் பையன் பீட்டராக டோபி மெக்வயர் நடித்தது. நான் தையல் பழகிய காலத்தில் தமிழ்ப் பேச்சோடு பார்த்த படம். அப்போது கதையைத்தான் பார்த்தேன், துணியைப் பார்க்கவில்லை. இப்போது துணிக்காகப் பார்க்கவேண்டும். தீபாவளிப் பிளவுஸ் இன்னும் முப்பது கிடக்கிறது. கிறிஸ்துமஸ் துணியும் வரத் தொடங்கிவிட்டது, இந்தப் பக்கம் எங்களுக்கு டிசம்பர்தான் பெரிய சீசன். ராத்திரி கடையடைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்கலாம்.

நவம்பர் 3, வெள்ளி

முதல் பாதி முடிந்தது. எழுதி வைக்காமல் தூக்கம் வராது.

தொடக்கத்திலேயே ஒரு ஓட்டை. பள்ளிப் பிள்ளைகளைக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். மரபணு மாற்றிய சிலந்தி 15 இருக்கிறது என்று விளக்குகிற அம்மா சொல்கிறாள். பீட்டர் விரும்புகிற மேரி ஜேன் எண்ணிப் பார்த்து, 14-தான் இருக்கிறது என்கிறாள். அப்படியானால் அதை ஆராய்ச்சிக்கு எடுத்திருப்பார்கள் என்று அந்த அம்மா சாதாரணமாக நடந்துபோகிறாள். என் கடையில் ஒரு ஊசி காணவில்லை என்றால், பிள்ளைகள் காலில் ஏறிவிடுமே என்று பாயைச் சுருட்டித் தேடுவேன். இத்தனை பெரிய கூடத்தில் உயிருள்ள பிராணி ஒன்று கூண்டுக்கு வெளியே திரிகிறது, தேட ஒரு ஆள் இல்லை. ஆனாலும் அது பீட்டரைக் கடித்து அவனுக்குச் சிலந்தியின் சக்தி வராவிட்டால் கதையே இல்லை. முதல் பத்து நிமிடத்தில் வருகிற ஓட்டையை நான் பெரிதாக எடுப்பதில்லை.

பீட்டரை வளர்க்கிற மாமா பென் சாகும் பகுதிதான் இந்தப் படத்தின் உயிர். 21 வருடம் முன்பு அழுதேன் என்று நினைவு, நேற்றும் அழுதேன். பீட்டருக்குக் கார் வாங்கக் காசு வேண்டும், மேரி ஜேன் திரும்பிப் பார்க்கவேண்டும். மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் 3,000 டாலர் என்று மல்யுத்த விளம்பரம். இவன் இரண்டே நிமிடத்தில் ஜெயித்துவிடுகிறான். நடத்துகிறவன் மூன்று நிமிடம் ஆகவில்லையே என்று 100 டாலரை எறிகிறான். உனக்குக் காசு வேண்டுமென்றால் அது என் பிரச்சினை இல்லை என்கிறான். அடுத்த நொடி திருடன் வந்து அவன் பெட்டியைக் கொள்ளையடித்து ஓடுகிறான். பிடிக்கக்கூடிய பீட்டர் ஒதுங்கி வழிவிடுகிறான், அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்கிறான். வெளியே வந்தால் தெருவில் மாமா ரத்தத்தில் கிடக்கிறார். அந்தத் திருடன் தப்பிக்கக் காரைப் பறித்தபோது சுட்டது.

இது தற்செயல்தானே என்று கேட்கலாம். ஊரில் இத்தனை கார் இருக்க, அவர் கார்தானா? ஆனால் பாருங்கள், மாமா அங்கே நின்றதே இவன் நூலகத்துக்குப் போவதாகப் பொய் சொன்னதால். அழைத்துப்போக வந்து காத்திருந்தார். பொய்யும் இவனுடையது, வழிவிட்டதும் இவன். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962-இல் உருவாக்கிய முதல் படக்கதையில், தொலைக்காட்சி நிலையத்தில் இவன் விட்டுவிட்ட திருடன் பிறகு ஒருநாள் இவன் வீட்டிலேயே புகுந்து மாமாவைச் சுடுவான். அதுதான் நம்பக் கடினம், அத்தனை பெரிய ஊரில் அவன் ஏறிய வீடு இதுவா! படம் அந்த இடத்தைப் பிரித்து, இறுக்கித் தைத்திருக்கிறது. பழைய துணியில் விட்டுப்போன தையலைக் கண்டுபிடித்துச் சரிசெய்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

நாயகனுக்கு உதவ வருகிற தற்செயல் கதையைக் கெடுக்கும், அவனைக் குற்றவாளியாக்குகிற தற்செயலை மனசு ஏற்றுக்கொள்ளும். எனக்கு அப்படித்தான் படுகிறது.

நவம்பர் 5, ஞாயிறு

கோயில் முடிந்து, மழை விட்ட இடைவெளியில் எல்லாரும் மாத்தூர் தொட்டிப்பாலம் போனோம். கீழே பறளியாறு கலங்கி ஓடுகிறது, 115 அடி உயரத்தில் வாய்க்கால் நம் பக்கத்தில் போகிறது. பிள்ளை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "ஸ்பைடர்மேன் நம்ம ஊருக்கு வந்தா எதுல சித்தி நூல் விடுவாரு?" என்றான். ரப்பர் மரத்திலும் தென்னையிலும் விட்டால் மரம் வளைந்துவிடும். இந்தத் தூண்கள் தாங்கும். அப்புறம் கடலுக்குள் 133 அடி வள்ளுவர் சிலை. வேறென்ன இருக்கிறது என்று வீடு வரும்வரை இருவரும் யோசித்தோம்.

பாலத்தில் நின்றபோது எனக்கு அந்தக் குயின்ஸ்பரோ பாலக் காட்சிதான் ஓடியது. வில்லன் கிரீன் காப்ளின் ஒரு கையில் மேரி ஜேனையும் மறு கையில் பிள்ளைகள் நிறைந்த கம்பிவட வண்டியின் கயிற்றையும் பிடித்து, யாரைக் காப்பாற்றுகிறாய் என்று கேட்டுவிட்டு இரண்டையும் கைவிடுகிறான். பீட்டர் இரண்டையும் பிடிக்கிறான். பிடித்த பிறகு அவனால் அசையமுடியவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. சக்தி இருக்கிறது, ஆனால் கை இரண்டுதான். கீழே படகுக்காரர்கள் வருகிறார்கள், பாலத்தில் நிற்கிற சனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக் காப்ளின்மேல் எறிகிறார்கள். படம் வருவதற்கு முந்தைய செப்டம்பரில்தான் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்திருந்தன. அந்தக் கோபுரங்களுக்கு நடுவே வலை கட்டி ஹெலிகாப்டரைப் பிடிப்பதாக எடுத்திருந்த முன்னோட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அது தெரிந்த பிறகு, பாலத்தில் கல் எறிகிற ஆட்களை வேடிக்கையாகப் பார்க்கமுடியவில்லை.

நவம்பர் 8, புதன்

துணி வாங்கியாச்சு. நாலு பக்கமும் இழுபடுகிற லைக்ரா, சிவப்பும் நீலமும். இதற்குச் சாதா ஊசி ஆகாது, இழையை வெட்டி ஓட்டை போட்டுவிடும். நுனி உருண்ட ஊசி மாற்றவேண்டும். நேர்த்தையல் போட்டால் பிள்ளை கையைத் தூக்கியதும் நூல் அறுந்துவிடும், ஜிக்ஜாக் போடவேண்டும். போன வருடப் பையனுக்கு விட்டுப்போனது இதனால்தான் இருக்கும்.

இதையெல்லாம் செய்யும்போதுதான் படத்தின் பெரிய ஓட்டை எனக்குத் தெரிந்தது. நாள் முழுக்க அதே யோசனை.

பீட்டர் மல்யுத்தத்துக்குப் போட்டுப்போகிற உடுப்பு, சிவப்பு மேல்சட்டை, அதில் பெயின்ட் அடித்த சிலந்தி, முகத்துக்குக் குளிர்க் குல்லா. பார்த்தாலே தெரியும், பள்ளிக்கூடப் பையன் வீட்டில் ஒளித்து வைத்துச் செய்தது. தாளில் வரைந்து வரைந்து பார்க்கிறான், கையில் கிடைத்ததைப் போட்டுக்கொள்கிறான். நம்புகிறேன். மாமா செத்துப்போகிறார், கொஞ்ச நேரத்தில் ஊரைக் காக்கிறவனாக வந்து நிற்கிறான். உடம்போடு ஒட்டிய சிவப்பு நீல உடுப்பு, அதன்மேல் விரலால் தொட்டால் தட்டுப்படுகிற மாதிரி எழும்பி நிற்கும் வலைக்கோடுகள், கண்ணுக்கு வெள்ளி மாதிரிக் கண்ணாடி. எங்கிருந்து வந்தது?

அந்த வீட்டில் காசு இல்லை. 35 வருடம் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்த மாமாவை 68 வயதில் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பையன் கார் வாங்கத்தான் அடிதடிக்கே போனான். துணிக்கு யார் கொடுத்தது? அத்தை மே தையல்காரி என்று ஒரு வார்த்தை இல்லை, வீட்டில் ஒரு மெஷின் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு கோடும் பக்கத்துப் பீஸில் போய்ச் சேரவேண்டும், தோளில் ஒரு நூல் தப்பினால் வலை அறுந்தமாதிரி தெரியும். இருபது வருடம் மெஷினில் உட்கார்ந்த எனக்கே ஒரு மாதம் பிடிக்கும்.

கையுறை இன்னும் கஷ்டம். அவன் சுவரில் ஏறுவது விரல் நுனியில் முளைத்த கூர்மயிரால் என்று படமே கிட்டத்தில் காட்டுகிறது. பிறகு அந்த விரலை முழுக்கத் துணியால் மூடிவிட்டு ஏறுகிறான். மயிர் துணியைக் குத்தி வெளியே வருமா? வந்தால் துணி எத்தனை நாள் தாங்கும்? மணிக்கட்டிலிருந்து நூல் பீய்ச்சுகிறான், அங்கே துணியில் திறப்பு விடவேண்டாமா? (சிலந்திக்கு நூல் வயிற்றின் கடைசியிலிருந்துதான் வரும். அதைச் சினிமாவுக்காக விட்டுவிடலாம்.)

படக்கதையில் நூல் விடும் கருவியை அவனே கண்டுபிடித்துச் செய்வான், உடுப்பையும் அவனே தைத்துக்கொள்வான். இந்தப் படம் நூலை அவன் உடம்புக்குள்ளேயே வைத்துவிட்டது. ஏழைப் பையன் அப்படியொரு பசையைக் கண்டுபிடித்தான் என்பதைவிட இது நம்பச் சுலபம் என்று பலர் சொல்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இன்று வெட்டும்போது மனசு மாறிவிட்டது. நூலும் கடித்ததால் வந்தது, பலமும் கடித்ததால் வந்தது, உடுப்பு எப்படி வந்ததென்றே தெரியாது. இவன் கையால் செய்தது என்று அந்தப் பெயின்ட் அடித்த சட்டை ஒன்றுதான் மிச்சம். அதைப் படம் ஒரு சண்டையோடு கழற்றிப் போட்டுவிடுகிறது. மாமாவைப் பறிகொடுத்த பையன் ராத்திரி உட்கார்ந்து தைத்துப் பிரித்து மறுபடி தைப்பதை இரண்டு நிமிடம் காட்டியிருந்தால், அவன் துக்கத்தையும் அதிலேயே காட்டியிருக்கலாம். பேச்சே தேவைப்பட்டிருக்காது.

நவம்பர் 10, வெள்ளி

மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. இரண்டு பிளவுஸ் மட்டும் முடிந்தது.

கிரீன் காப்ளினாக மாறுகிற கம்பெனி முதலாளி நார்மன் ஆஸ்பார்ன் பகுதி பார்த்தேன். வில்லம் டஃபோ கண்ணாடி முன்னால் நின்று தன்னோடு தானே பேசுகிற இடத்தில் முதுகு சில்லிட்டது. நடிப்பில் குறையே இல்லை. ஆனால் போலீஸ் எங்கே? அவன் கம்பெனியில் விஞ்ஞானி கொல்லப்படுகிறார், அதே ராத்திரி பறக்கும் வண்டியும் கவச உடுப்பும் காணாமல்போகின்றன. பிறகு அதே வண்டியில் வந்த ஒருவன் போட்டிக் கம்பெனியின் சோதனையில் குண்டு போடுகிறான், ராணுவ அதிகாரி சாகிறார். அதன்பிறகு நார்மனை வெளியேற்றிய கம்பெனி இயக்குநர்கள், அத்தனை சனம் கூடிய விழாவில் சாகிறார்கள். செத்தவர்கள் எல்லாரும் ஒரே ஆளின் எதிரிகள். எங்கள் ஊர் சாயாக்கடையில் பேப்பர் வாசிக்கிற பெரியவர் இரண்டாவது கொலையிலேயே சொல்லிவிடுவார்.

அமெரிக்கர்களின் நன்றி நாள் விருந்து நல்ல காட்சி. உத்தரத்தில் ஒட்டி நிற்கிற பீட்டரின் கையிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் விழுகிறது. பிறகு சாப்பாட்டு மேசையில் அத்தை அந்தக் காயத்தைப் பார்த்துக் கேட்கிறாள், நார்மனுக்குப் புரிந்துவிடுகிறது. பெற்ற பிள்ளையைப்போல நினைத்தவனே எதிரி என்று அவன் முகத்தில் தெரிகிறது. அந்தக் காயம் பட்டபோது உடுப்பின் கையும் கிழிந்ததே? அடுத்து வரும்போது கை முழுசாக இருக்கிறது. யார் இழை சேர்த்தது?

நவம்பர் 13, திங்கள்

தீபாவளி வேலை தீர்ந்தது. நேற்றும் இன்றும் பிள்ளை உடுப்புதான். கோடுகளைத் துணிப் பேனாவால் போட்டேன், எழுப்பி நிறுத்த முடியவில்லை. முகமூடியைத் தனிப் பீஸாக விட்டேன், மூக்குவரை சுருட்டலாம். மழையில் தலைகீழாகத் தொங்கும் காட்சியில் மேரி ஜேன் சுருட்டுகிறாளே, அதிலிருந்து எடுத்தது.

போட்டுப் பார்க்கும்போது கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சித்தி, இங்கன ஓட்டையா இருக்கு. தைக்க மறந்துட்டியளா?"

"மறக்கல்லே மக்களே. நூல் வெளிய வரவேண்டாமா?"

கையை நீட்டி, நடுவிரல் இரண்டையும் மடக்கி, சுவரைப் பார்த்து நின்றான்.

நவம்பர் 14, செவ்வாய்

மூன்றாம் பரிசு. முதல் பரிசு நேருவுக்கு.

மேடையில் இரண்டு வரி பேசவேண்டுமாம். பேர் சொல்லிவிட்டு, "இந்த டிரஸ் எங்க சித்தி தச்சது" என்று மட்டும் சொல்லி இறங்கினானாம். அக்கா போனில் சொன்னாள்.

சாயங்காலம் கடைக்கு வந்தான். பள்ளிக்கூட மதில் ஏறிப் பார்த்திருக்கிறான், முழங்கையில் ஒரு விரல் நீளம் கிழிசல். திட்டவில்லை. நீயே சேர்த்துவிடு என்று ஊசியைக் கொடுத்தேன். நூல் கோர்க்கவே கால்மணி நேரம் ஆனது. ஏழு தையல் போட்டான், இரண்டு வெளிப்பக்கம் தெரிகிறது. நான் பிரிக்கவில்லை. நாளைக்கும் வருவானாம்.