கழுத்தில் கிடக்கும் வழக்கு

ரீஜென்சி காலத்துக் காதல் கதைகளில் நகை திருடுபோனால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். எப்படியும் கடைசி அத்தியாயத்தில் கிடைத்துவிடப் போகிறது. எனக்கு வேண்டியது வேறு. வைர மாலை எல்லோர் கண்ணெதிரிலும் நாயகியின் கழுத்திலேயே கிடக்க வேண்டும். அது யாருடையது என்பதில்தான் வீடு இரண்டுபட வேண்டும்.

மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் பதிலாக அவர் மகன் ஆட்சியைக் கவனித்த 1811–1820தான் ரீஜென்சி காலம். அப்போது இங்கிலாந்துச் சட்டமே இந்தச் சண்டைக்கு வழி செய்து வைத்திருந்தது. தனி ஏற்பாடு எழுதப்படாவிட்டால் மனைவியின் நகை கணவனுடையது. உயிரோடிருக்கும்வரை விற்கலாம், அடகு வைக்கலாம். ஆனால் அவள் தன் அந்தஸ்துக்கேற்ப அணிந்துவந்த நகையை உயிலில் மட்டும் பிறருக்கு எழுதிவைக்க முடியாது. அவன் கண்ணை மூடினால் அது அவளுக்கே, கடன்காரர்கள் முந்திக்கொள்ளாவிட்டால். அதே மாலை பரம்பரைச் சொத்து என்று நிரூபணமானாலோ, வாரிசு கையை நீட்டிவிடுவான்.

இன்னும் சிக்கலாக்கலாம். பாட்டி காலத்து வைரங்களைக் கணவன் லண்டன் லட்கேட் ஹில்லில் ரண்டல், பிரிட்ஜ் அண்ட் ரண்டல் கடையில் கொடுத்து, புதுத் தங்கத்தில் பதித்து வாங்கினான் என்று வையுங்கள். கல் குடும்பத்துக்கு, பொன் விதவைக்கா? அந்தக் கடை ரசீதை வக்கீல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்கும் ஒரு காட்சிக்காக இரண்டு நடன விருந்துகளை விட்டுக்கொடுப்பேன்.

கல் போலி என்ற திருப்பம் பழசுதான், ஆனால் நம்பக்கூடியது. கண்ணாடிக் கல்லுக்கு அடியில் பளபளக்கும் தகடு வைத்து, பின்புறத்தை மூடிப் பதிப்பார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் யாருக்குத் தெரியும்?

இதெல்லாம் மிகை என்பவர்களுக்கு அரச குடும்பமே சாட்சி. மூன்றாம் ஜார்ஜின் மனைவி ராணி சார்லட் 1818இல் இறந்தார். 1837இல் விக்டோரியா பட்டத்துக்கு வந்தபோது, அதுவரை பிரிட்டிஷ் மன்னரின் கீழே இருந்த ஜெர்மன் நாடான ஹனோவர், பெண் என்பதால் அவருக்குக் கிடைக்காமல் சித்தப்பா எர்னஸ்டுக்குப் போனது. எர்னஸ்ட் தன் தாய் சார்லட்டின் நகைகளையும் கேட்டார். ஹனோவருக்குச் சாதகமாக முடிவு வந்தது 1857இல். எர்னஸ்ட் போய்ச் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கதை எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரிசைக் கணவனின் தம்பியாக வைத்து அவளைக் காதலிக்க விடாதீர்கள். அண்ணனின் விதவையை மணப்பது அன்று விலக்கப்பட்ட உறவு. திருச்சபை நீதிமன்றத்துக்கு யாராவது போனால் திருமணமே செல்லாது. ஒன்றுவிட்ட சகோதரன் என்றால் தொல்லையில்லை.

அப்போதும் ஒரு வம்பு இருக்கிறது. மணந்தவுடன் மாலை புதுக் கணவனுடையதாகிவிடும். வழக்கில் தோற்றவன் மோதிரம் மாட்டி ஜெயித்துவிடுவான்! அதனால் அவன் மண்டியிட்டதும் நாயகி கண்ணீர் விடக் கூடாது. மாலையை அவளுக்கென்று அறங்காவலர்களிடம் ஒப்படைக்கும் பத்திரம் எழுதியாயிற்றா என்று கேட்க வேண்டும். அவன் அதைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து நீட்டினால், எனக்கும் அவனைப் பிடித்துப்போகும்.