ஒரே சென்ட்ரலைசருக்கு இரண்டு எண்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற ரோட்டில் வழுதூரில் கேஸில் ஓடுகிற மின்நிலையம் இருக்கிறதே, அதைத் தாண்டி உச்சிப்புளிப் பக்கம் ஒரு தகர ஷெட்டில்தான் எனக்கு வேலை. எண்ணெய்க் கிணற்றுக்கான சென்ட்ரலைசர் செய்கிற இடம். தோண்டிய துளையின் சுவரைத் தாங்கக் கிணற்றில் இறக்குகிற கேசிங் குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் அந்த இடுக்கில் சிமென்ட் ஏறாது, பழைய சேறு அப்படியே தங்கிவிடும், பிறகு கேஸ் அந்த வழியாகவே மேலே வரும். அதனால் குழாயைச் சுற்றி வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை மாட்டி நடுவில் நிறுத்துவார்கள். அதுதான் சென்ட்ரலைசர்.

இதற்கு அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) 10டி என்று ஒரு தரநிலை ஏற்கெனவே இருக்கிறது. 7 அங்குலக் குழாய் என்றால், அடிக்கு 26 பவுண்டு எடை, அதில் 40 அடிக்கு 1040 பவுண்டு. சென்ட்ரலைசரைத் துளைக்குள் நுழைக்க அதற்கு மேல் விசை தேவைப்படக் கூடாது. உள்ளே போனபின் குழாயை நடுவுக்குத் தள்ளுகிற விசை, குழாய்க்கும் துளைச் சுவருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி 67 சதவீதமாகக் குறைந்த நிலையில், 1040க்குக் குறையவும் கூடாது. நுழையும்போது மெத்தென்று, உள்ளே போனபின் விறைப்பாக. எண் தெரியும், ஆனால் எங்கள் ஷெட்டில், எங்கள் ஜாக்கை வைத்து அதை எப்படி அளப்பது என்று ஒரு தாளில்கூட இல்லை. முதலாளி என்னை எழுதச் சொன்னார். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் மாதம் ஆடி. கேட்கவே வேண்டாம். துளைக்குப் பதிலாக வைக்கிற வெளிக்குழாயின் உள்பக்கம் கிரீஸ் தடவித்தான் நுழைவு விசையைப் பார்க்க வேண்டும், தடவிவிட்டு டீ குடித்து வருவதற்குள் காற்று மணலை அள்ளி அதன்மேல் ஒட்டிவிடும். காலையில் பாஸான பீஸ் மத்தியானம் ஃபெயில். ஒவ்வொரு தடவையும் துடைத்துப் புதுசாகத் தடவ வேண்டும், மேற்குப் பக்கம் தார்ப்பாய் கட்ட வேண்டும் என்று எழுதிச் சேர்த்தேன். சிரித்தார்கள், ஆனால் அதன்பிறகு எண் அலையவில்லை.

அதைவிடப் பெரிய தலைவலி அடுத்தது. எட்டரை அங்குலத் துளையில் 7 அங்குலக் குழாய் நடுவில் நின்றால் சுற்றிலும் முக்கால் அங்குலம் இருக்கும், அதில் 67 சதவீதம் என்றால் ஏறக்குறைய அரை அங்குலம். பட்டைகளை எல்லாம் 12 தடவை முழுசாக அமுக்கிவிட்டு, அப்புறம் அந்த அரை அங்குலத்தில் விசையை அளக்கிற லோட் செல் என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நான் அளந்தபோது 985. அதே பீஸை ஃபிட்டர் அண்ணன் அளந்தபோது 1115. படகு வேலை பார்த்துவிட்டு வந்தவர், கை நடுங்காது, டயலைத் தப்பாகப் படிக்கிற ஆள் இல்லை. மூன்று நாள் மாறி மாறி அளந்தோம். அவருக்கு எப்போதும் கூட, எனக்கு எப்போதும் குறைவு.

நான்காம் நாள் இரண்டையும் கழித்துப் பார்த்தேன், 130. நாங்கள் சோதனைக்கு வைத்திருந்த உள்குழாய் ஐந்தடி. ஐந்தை 26ஆல் பெருக்கினால் அதே 130!

விஷயம் இதுதான். குழாயைப் பட்டைகளின்மேல் வைத்தவுடன் அதன் சொந்த எடையிலேயே கொஞ்சம் அமுங்கிவிடுகிறது. அண்ணன் அமுங்கிய அந்த இடத்தையே நடுமையம் என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து அளந்தார், கடைசியில் குழாயின் எடையையும் லோடோடு கூட்டினார். எடை இரண்டு தடவை கணக்கில் ஏறிவிட்டது. எடையைக் கூட்டியது சரி, தொடங்கிய இடம்தான் தப்பு. சென்ட்ரலைசர் இல்லாமல் உள்குழாயை வெளிக்குழாயின் அடியில் தொட வைத்து அதையே சைபர் என்று எடுத்து, அங்கிருந்து மேலே அரை அங்குலத்தை எண்ண வேண்டும். இதைப் படம் போட்டு எழுதினேன்.

அண்ணன் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். "அப்ப நாம அனுப்பினதெல்லாம்?" என்று மட்டும் கேட்டார். முதலாளிதான் கோபித்துக்கொண்டார், ஏனென்றால் கையில் இருந்த அந்த லாட் முழுக்க 1040க்குக் கீழே. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பட்டைகளைத் திரும்ப ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு ஏற்றிவிட்டார். ஏற்கெனவே போனவற்றுக்கு வாங்கினவர்களுக்கு அவரே போன் போட்டார், அதற்காக அவரை மெச்சத்தான் வேண்டும்.

திரும்பி வந்த லாட்டை நானும் தொடவில்லை, அண்ணனும் தொடவில்லை. பாம்பனிலிருந்து வருகிற புதுப் பையனிடம் தாளை மட்டும் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் கழித்து தலையை நீட்டி, "1120 வருதுண்ணே" என்றான். அண்ணன் எழுந்துகொள்ளவே இல்லை. "சைபர் எங்கடா வச்ச?" என்றார்.