உபுத்தில் ஒரு முழுக்கு
பாலித் தீவில் உபுத் பக்கம் ஒரு சொகுசு ரிசார்ட்டில் நாலு நாள். காலையில் யோகா, அப்புறம் மசாஜ், நடுவில் மஞ்சளும் புளியும் சேர்த்த ஜாமு (நம் வீட்டுக் கஷாயத்துக்குத் தூரத்துச் சொந்தம்). எல்லாம் சரிதான், ஆனால் மனசில் நின்றது தம்பாக்சிரிங்கில் இருக்கும் தீர்த்த எம்புல் கோயில்தான். 10ஆம் நூற்றாண்டிலிருந்து வழிபடுகிற ஊற்று, சாரோங் (கைலி மாதிரி இடுப்பில் சுற்றும் துணி) கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கி ஒவ்வொரு குழாய்க்கும் கீழே தலையை நீட்ட வேண்டும், தண்ணீர் ஜில்லென்று உச்சி வரை ஏறுகிறது, காலடியில் மீன்கள் வேறு. இரண்டு குழாய்கள் இறந்தவர் சடங்குக்கானவை. தெரியாமல் அங்கே நிற்கப் போன என்னை ஒரு பாட்டி கையைப் பிடித்து இழுத்துவிட்டார். ரிசார்ட்டில் இதே மெலுகாத் என்ற நீர்த் தூய்மைச் சடங்கைப் பூவெல்லாம் தூவித் தனியாக நடத்தித் தருகிறார்களாம். கட்டணத்தைக் கேட்டதும் சிரிப்புதான் வந்தது. கோயிலில் நுழைவுச்சீட்டும் சாரோங் வாடகையும் மட்டும்தான்.